செந்தோசா கடலோர விடுதியில் குடும்பத்தோடு தங்க: அறை எடுப்பதிலிருந்து அறையைக் காலி செய்வது வரை

சிங்கப்பூரில் எந்த மூலையில் குடியிருந்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு கடற்கரையில் போய்க் கால் நனைத்துவிடலாம். அதற்குக் காசும் இல்லை. அப்படியிருக்க ஓர் இரவுக்கு 400, 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்துக் கடலோர விடுதியில் தங்குவது எதற்காக?

என் பதில் இதுதான்: நாம் காசு கொடுப்பது கடலுக்கு அல்ல, நேரத்துக்கு. சிங்கப்பூரின் தெற்கே உள்ள செந்தோசா தீவுக்கு ஒருநாள் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் முற்பகல் 11 மணிவாக்கில் வந்து இருட்டியதும் திரும்பிவிடுகிறார்கள். காலை 7 மணியிலிருந்து 9 மணி வரையிலும், இரவு 8 மணிக்குப் பிறகும் அதே கடற்கரை வேறு இடம்போல இருக்கும். அந்த நேரங்களில் அங்கே இருப்பதற்குத்தான் அறை வாடகை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த நாள், எந்த அறை, எப்போது காலைச் சாப்பாடு என்று எல்லாம் தானாக முடிவாகிவிடும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களை நினைத்து எழுதியது இது. இருவராக மட்டும் போகிறவர்களுக்குப் பாதிதான் வேண்டியிருக்கும்.

படி 1: எதை எதிர்பார்க்கலாம், எங்கே தங்கலாம்

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மாலத்தீவுப் படங்களில் பார்க்கும் நீலத் தண்ணீர் இங்கே கிடையாது. செந்தோசாவின் தெற்குக் கரை உலகிலேயே கப்பல் போக்குவரத்து மிகுந்த நீரிணைகளில் ஒன்றைப் பார்த்து நிற்கிறது. தண்ணீர் பச்சையும் பழுப்புமாக இருக்கும். அடிவானம் முழுக்க நங்கூரமிட்ட சரக்குக் கப்பல்கள். மணலும் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியது. 'கடல் பார்த்த அறை' என்று கூடுதலாகக் கொடுக்கும் காசுக்கு இந்தக் காட்சிதான் கிடைக்கும். எனக்குக் கப்பல் பார்ப்பது பிடிக்கும், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் அம்மாவுக்கு ராமேஸ்வரத்துக் கடல்தான் கண்ணில் நிற்கிறது என்றால் முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

கடற்கரைகள் மூன்று. மேற்கே சிலோசோ: கடைகள், விளையாட்டுகள், பாட்டுச் சத்தம். நடுவில் பலாவான்: சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது, தொங்குபாலம் கடந்து எதிரே உள்ள குட்டித் தீவுக்குப் போகலாம். கிழக்கே தஞ்சோங்: மூன்றிலும் அமைதியானது. மூன்றிலும் எதிரே கல் தடுப்புகளும் சிறு திட்டுகளும் இருப்பதால் பெரிய அலை வராது. நீந்தத் தெரியாத பெரியவர்கள்கூட முழங்கால் அளவில் நிற்கலாம்.

அறையிலிருந்து இறங்கினால் நேராக மணல் என்பது சிலோசோ முனையில் உள்ள ஷங்ரிலா ராசா செந்தோசாவில்தான். 1993-இல் திறந்த பெரிய விடுதி, பிள்ளைகள் கூட்டம் எப்போதும் உண்டு. சோஃபிடெல் தஞ்சோங் பக்கம் மேட்டின் மேல் இருக்கிறது. கடற்கரைக்குப் படியிறங்க வேண்டும், முட்டிவலி உள்ளவர்கள் கவனிக்க. கப்பெல்லா 2018 ஜூனில் டிரம்பும் கிம் ஜோங் உன்னும் சந்தித்த இடம்; விலையும் அந்த உயரத்தில்தான். இம்பியா பக்கத்து வில்லேஜ் ஹோட்டல் கடலோரம் இல்லை, ஆனால் நீச்சல் குளங்கள் நிறைய, விலையும் ஓரளவு கைக்கு அடக்கம். குளம்தான் பிள்ளைகளுக்கு முக்கியம் என்றால் அதுவே போதும்.

இருபது முப்பது பேர் சேர்ந்து பிறந்தநாள், பிரியாணி, பார்பிக்யூ என்று யோசிக்கிறீர்களா? விடுதியை மறந்துவிட்டு சிங்கப்பூரின் கிழக்கே பாசிர் ரிஸ் பக்கம் சாலே (கூட்டமாகத் தங்க வாடகைக்கு விடும் வீடு) எடுங்கள். அதற்கென்றே கட்டியது அது.

இந்தோனேசியாவின் பிந்தான் தீவு இன்னொரு வழி. தானா மேரா படகு முனையத்திலிருந்து சுமார் ஒரு மணி நேரம். தண்ணீர் நன்றாக இருக்கும், அதே காசுக்குப் பெரிய அறை கிடைக்கும். ஆனால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றில் தென்சீனக் கடல் பொங்கும்; குளத்தோடு நிற்க வேண்டியதுதான். அங்கே மணி சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால் என்பதால், திரும்பும் படகின் நேரம் எந்த ஊர்க் கணக்கு என்று சீட்டிலேயே பாருங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விசா விதியைப் பார்த்துவிட்டு அறை எடுப்பது நல்லது.

படி 2: நாளைத் தேர்ந்தெடுத்தல்

சனி இரவுதான் எல்லோரும் கேட்கும் இரவு, அதனால் விலையும் உச்சம். ஞாயிறு மதியம் போய்த் திங்கள் மதியம் திரும்புங்கள். ஒரு நாள் விடுப்புதான் செலவு. ஞாயிறு மாலை 5 மணிக்கு மேல் கூட்டம் கண்முன்னே கரையும். திங்கள் காலை குளத்தில் நீங்கள் மட்டும்தான் என்றுகூட அமையும்.

மார்ச், செப்டம்பரில் ஒரு வாரமும் ஜூனில் நான்கு வாரமும் நவம்பர் பாதிக்கு மேல் ஆண்டு இறுதி வரையும் பள்ளி விடுமுறை. பிள்ளைகள் பள்ளி போகும் வயது என்றால் வேறு வழியில்லை, சீக்கிரம் பதிவு செய்யுங்கள். பாலர் பள்ளிப் பருவம் என்றால் அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். பாதி நிம்மதி அதிலேயே கிடைக்கும்.

மழை. டிசம்பரிலும் ஜனவரியிலும் நாள் கணக்கில் விடாமல் பெய்யக்கூடும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சில நாள் விடியலில் சுமத்ரா பக்கமிருந்து சூறைக்காற்றோடு மழை வரும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். பிப்ரவரி, மார்ச் தொடக்கம் ஓரளவு உலர்ந்த காலம், காற்றும் இதமாக இருக்கும். என்னைக் கேட்டால் அதுதான் சரியான சமயம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சில ஆண்டுகளில் புகைமூட்டம் வரும் என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

கடல் நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் கப்பல் மோதி எண்ணெய் கசிந்தபோது செந்தோசாவில் பல வாரங்கள் கடலில் இறங்க முடியவில்லை. அப்படிப்பட்டது அடிக்கடி நடப்பதில்லை. ஆனாலும் தேசிய சுற்றுப்புற வாரியம் கடற்கரை நீரின் தரத்தைச் சோதித்து வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முன் ஒருமுறை பார்ப்பதில் என்ன கஷ்டம்?

படி 3: பதிவு செய்யும்போது

விலைக்குப் பக்கத்தில் '++' என்று இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. 400 வெள்ளி அறை 479 வெள்ளி 60 காசு ஆகிவிடும். விடுதிக்குள் சாப்பிடும் பில்லிலும் இதே கதைதான். இரண்டு விடுதிகளை ஒப்பிடும்போது ஒன்று வரியோடும் இன்னொன்று வரியில்லாமலும் காட்டுகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது தலைக்கணக்கு. நம் வீட்டு வழக்கம் தெரிந்ததுதான்: தாத்தா பாட்டி கட்டிலில், நாம் தரையில், மச்சான் குடும்பம் "சும்மா பார்த்துவிட்டுப் போக" வந்து ராத்திரி அங்கேயே. விடுதியில் இது நடக்காது. அறைக்கு இத்தனை பேர் என்று எழுதியிருக்கும்; குளத்துக்குக் கைப்பட்டையோ அறை அட்டையோ கேட்பார்கள். எல்லோருடைய பெயரையும் பிள்ளைகளின் வயதையும் முதலிலேயே கொடுங்கள். நான்கு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் என்றால் நடுவில் கதவு வைத்த இரண்டு அறைகள் கேளுங்கள். 'பக்கத்துப் பக்கத்து அறை' வேறு, 'கதவால் இணைந்த அறை' வேறு. இணைந்த அறை என்று எழுத்தில் வாங்குங்கள்.

பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் இன்னும் மூன்று கேட்க வேண்டும். குளியல் தொட்டி வேண்டாம், நின்று குளிக்கும் இடம் வேண்டும்: தொட்டியின் விளிம்பைத் தாண்டும்போதுதான் வயதானவர்கள் வழுக்கி விழுகிறார்கள். கழிப்பறையில் கைத்தெளிப்பான் இருக்கிறதா: கூச்சமே வேண்டாம், கேளுங்கள். லிஃப்ட்டுக்குப் பக்கத்து அறை: இளசுகள் சத்தம் என்று ஒதுக்கும் அறை பெரியவர்களுக்கு வரம்.

குளம் பராமரிப்புக்காக மூடியிருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். ஒரு விடுதியில் நாங்கள் போய் இறங்கிய பிறகுதான் பிள்ளைகள் குளத்தைச் சுற்றி வேலி போட்டிருப்பதைப் பார்த்தோம். யாரும் முன்பே சொல்லவில்லை. மேலாளரிடம் பேசிய பிறகு காலைச் சாப்பாட்டை இலவசமாக்கினார்கள். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையை இட்லி கொடுத்தா சமாதானப்படுத்த முடியும்?

படி 4: பையில் என்ன

நீச்சல் குளத்தில் பருத்தி உடை, சுடிதார், டி-ஷர்ட் எதையும் விடமாட்டார்கள். முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடைகள் விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும். அக்கா, அம்மா எல்லோருக்கும் கூச்சமில்லாமல் இருக்கும், வெயிலும் படாது. கடலில் இறங்க உடைக் கட்டுப்பாடு இல்லை, பாட்டி சேலையோடே கால் நனைக்கலாம்.

வெயில் தடுப்புக் களிம்பு எஸ்பிஎஃப் 30-க்கு மேல். "நமக்கு எதுக்கு, ஏற்கெனவே கறுப்புதானே" என்று சித்தப்பா சொல்வார். கறுத்த தோலும் இங்கே எரியும், சற்றுத் தாமதமாக எரியும், அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். கொசு மருந்து அவசியம்: அந்தி நேரத்தில் மணல் ஈக்கள் கணுக்காலைக் குறிவைக்கும், அரிப்பு நாள் கணக்கில் நிற்கும்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு குளத்தில் இறங்காதீர்கள். அதற்குப் பதில் ஷவரில் தலையை நன்றாக நனைத்துக்கொண்டு இறங்கினால் முடி குளோரின் தண்ணீரை அவ்வளவாக இழுக்காது. நகைகளை வீட்டில் வையுங்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் கழுத்து மூடிய நீச்சல் உடைக்குள் விட்டுக்கொண்டு, கொக்கியை ஒருமுறை சரிபாருங்கள். மஞ்சள் கயிறாக இருந்தால் துவாலையில் சாயம் ஏறும்.

மற்றபடி செருப்பு, மாத்திரைகள், ஈரத்துணிக்கு இரண்டு பிளாஸ்டிக் பை. ஷாம்பு, துவாலையெல்லாம் விடுதியிலேயே உண்டு.

படி 5: போய்ச் சேர்தல்

செந்தோசாவுக்கு எதிர்க்கரையில் உள்ள விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறினால் பீச் ஸ்டேஷனில் இறங்கலாம். கட்டணம் உள்ளே போகும்போது மட்டும். தீவுக்குள்ளும் திரும்பும்போதும் இலவசம். 123-ஆம் எண் பேருந்தும் உள்ளே போகிறது, வண்டிகளில் அதுதான் ஆகச் சிக்கனம். பெட்டி குறைவு என்றால் கடல்மேல் நடைபாதை வழியாக நடந்தே போகலாம். கார் அல்லது டாக்சிக்கு வாகன நுழைவுக் கட்டணம் உண்டு; பெரியவர்கள் இருந்தால் அதைப் பார்க்காதீர்கள்.

அறை பொதுவாகப் பிற்பகல் 3 மணிக்குத்தான். அதற்காக 3 மணிக்குப் போனால் வரிசையில் நிற்பீர்கள். 12 மணிக்கே போய்ப் பதிவை முடித்து, பெட்டியைக் கொடுத்துவிட்டுக் குளத்துக்குப் போங்கள். நீச்சல் உடையைத் தனிக் கைப்பையில் மேலாக வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வரவேற்பறையில் எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறந்து தேடுவீர்கள்.

எல்லோருடைய அடையாள அட்டையும், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் கடவுச்சீட்டும் கையில் இருக்கட்டும். முன்பணம் பிடித்து வைப்பார்கள். அதற்குக் கடன் அட்டை கொடுங்கள். டெபிட் அட்டை என்றால் பணம் கணக்கிலிருந்தே போய், திரும்பி வர நாளாகலாம்.

படி 6: அறைக்குள் முதல் அரை மணி நேரம்

பெட்டியைப் பிரிக்கும் முன் ஏர்கான், வெந்நீர், கழிப்பறை, பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் நான்கையும் பாருங்கள். குறை இருந்தால் அப்போதே கீழே சொல்லுங்கள். துணியெல்லாம் அலமாரியில் அடுக்கிவிட்டு ராத்திரி 10 மணிக்குப் புகார் சொன்னால் மாற்று அறை கிடைப்பது கடினம். சத்தம் போடத் தேவையில்லை. "இது சரியில்லை, வேறு அறை இருந்தால் மாற்றித் தர முடியுமா?" என்று என்ன வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும்.

பால்கனிக் கதவைத் திறந்து போட்டால் பல இடங்களில் ஏர்கான் தானாக நின்றுவிடும். அது பழுது இல்லை. இன்னொன்று, குரங்குகள். செந்தோசாவில் நீண்ட வால் குரங்குகள் இருக்கின்றன, பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு என்று அவற்றுக்குத் தெரியும். வெளியே போகும்போது கதவைப் பூட்டுங்கள், முறுக்குப் பொட்டலத்தை மேசைமேல் விடாதீர்கள். குரங்குக்கு உணவு கொடுப்பது சிங்கப்பூரில் குற்றம், அபராதமும் பெரிது. தீவில் மயில்களும் உலாவும். தாத்தாவுக்கு முருகன் நினைவு வந்தாலும் இதே விதிதான்.

படி 7: கடலும் குளமும், எந்த நேரத்தில் எது

இங்கே கடிகாரம் சூரியனுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நம் ஊரில் 12 மணிக்குத் தலைக்கு மேல் வரும் சூரியன் சிங்கப்பூரில் 1 மணிக்குத்தான் வரும். ஆகவே 11 முதல் 3 வரை வெயில் கடுமை. புற ஊதாக் கதிர் குறியீடு 11-ஐ, அதாவது மிகக் கடுமையான அளவை, தாண்டும் நாள்கள் உண்டு. அந்த நேரத்தில் அறையில் படுத்துத் தூங்குங்கள். குளத்தோரம் குடைக்குக் கீழே கிடப்பது நிழல் மாதிரி தெரியும், ஆனால் தண்ணீரிலும் மணலிலும் பட்டு வெயில் திரும்பி வரும்.

மாலை 4 மணிக்குக் குளம், 6 மணிக்குக் கடல். சூரியன் 7 மணியையொட்டி மறையும். அப்போது சிலோசோவிலிருந்து பலாவான் வரை மணலோரமாக நடக்கலாம். பிள்ளைகள் களைத்தால் கடற்கரையோரம் ஓடும் இலவச வண்டியில் ஏறித் திரும்பலாம்.

இடி மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் குளத்திலிருந்து எல்லோரையும் ஏற்றிவிடுவார்கள். உலகிலேயே மின்னல் அதிகம் விழும் இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. "மழையே வரலையே" என்று பணியாளரிடம் வாதாடும் ஒருவர் எப்போதும் இருப்பார், அந்த ஒருவராக நீங்கள் இருக்க வேண்டாம். அதற்கென்று ஒரு சீட்டுக்கட்டோ கேரம் போர்டோ எடுத்துப் போயிருந்தால் அந்த ஒரு மணி நேரம்தான் பிள்ளைகளுக்குப் பின்னால் ஞாபகம் இருக்கும்.

கடலில் சில சமயம் சொறிமீன் (ஜெல்லிமீன்) வரும். அறிவிப்புப் பலகை வைத்திருந்தால் இறங்க வேண்டாம். கொட்டிவிட்டால் தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், கடற்கரை ரோந்துக்காரர்களைக் கூப்பிடுங்கள். பிள்ளைகளைப் பெரியவர் ஒருவர் கைபேசி இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முறை போட்டுக்கொள்ளுங்கள், "எல்லோரும் பார்க்கிறோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

சிலோசோ பக்கம் தங்கினால் ஃபோர்ட் சிலோசோ என்ற பழைய கோட்டையின் மரஉச்சி நடைபாலத்துக்குக் காலை 9 மணிக்கே போய்விடுங்கள். 11 மாடி உயரம், லிஃப்ட் உண்டு, இலவசம். பெரியவர்களும் ஏறிப் பார்க்கலாம்.

படி 8: சாப்பாடு

செலவு கைமீறுவது இங்கேதான். மூன்று வேளையும் விடுதியிலேயே சாப்பிட்டால் அறை வாடகையை எட்டிப் பிடித்துவிடும். நான் செய்வது இது: காலைச் சாப்பாட்டை அறையோடு சேர்த்து எடுப்பேன். மதியம் வீட்டிலிருந்து கொண்டுபோன தயிர்சாதம், புளியோதரை. அறைக்குள் சாப்பிடுவதை யாரும் தடுப்பதில்லை; குளத்தோரம் கொண்டுபோகத்தான் விடமாட்டார்கள். மீன் குழம்பு மட்டும் வேண்டாம், ஏர்கான் அறையில் வாசனை மறுநாள் வரை நிற்கும். இரவு விவோசிட்டிக்கு ரயிலேறிப் போனால் எல்லா விலையிலும் கிடைக்கும். ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சீ இம் உணவங்காடி நிலையம் இன்னும் மலிவு. திரும்பி வரும்போது மறுபடி நுழைவுக் கட்டணம் கொடுக்க வேண்டும் என்பதால், ஆறு பேர் போவதைவிட ஒருவர் போய் எல்லோருக்கும் கட்டி வாங்கி வருவது மேல்.

காலை பஃபே 9 மணிக்குப் போனால் மேசைக்குக் காத்திருக்க வேண்டும். 7 மணிக்குப் போங்கள், அல்லது முதலில் கடலில் நடந்துவிட்டு 8 மணிக்குள். பெரிய விடுதிகளில் இட்லி, தோசை, சாம்பார் ஏதாவது ஒரு மூலையில் இருக்கும். ருசி சமையற்காரரைப் பொறுத்தது. சைவக்காரர்கள் முந்தின நாளே "இந்தியச் சைவம், முட்டையும் கிடையாது" என்று சொல்லி வைப்பது நல்லது. நானில் முட்டை இருக்கலாம், வறுத்த நூடுல்ஸில் இறால் பொடி இருக்கலாம். பஃபேயில் நின்று கேட்டால் பரிமாறுபவருக்குத் தெரியாது, சமையற்காரரைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் தனியாகச் செய்தும் தருகிறார்கள்.

இரவு 10.30-க்குப் பிறகு காலை 7 வரை கடற்கரை போன்ற பொது இடங்களில் மது அருந்தக்கூடாது. கடற்கரையில் புகைபிடிக்கவும் தடை.

படி 9: கடைசிக் காலை

காலை 7 மணிக்கு எல்லோரையும் எழுப்பிவிடுங்கள். அறை எடுத்ததே இந்த இரண்டு மணி நேரத்துக்காக என்று தொடக்கத்தில் சொன்னேன், அப்புறம் தூங்கினால் எப்படி? கடற்கரை, பிறகு சாப்பாடு, பிறகு குளம். அறையைக் காலி செய்யும் நேரம் 11 அல்லது 12. கூடுதலாக ஒரு மணி நேரம் வேண்டுமானால் முந்தின இரவே கேளுங்கள், வார நாள்களில் பெரும்பாலும் தருவார்கள்.

10.30 மணிக்கு ஒருவர் கீழே போய்ப் பில்லைப் பார்க்க வேண்டும். குளிர்பெட்டியில் எடுக்காத சோடா, சேர்க்கக்கூடாத காலைச் சாப்பாடு, இரண்டும்தான் வழக்கமாகத் தவறாக ஏறும். சேவைக் கட்டணம் ஏற்கெனவே இருப்பதால் டிப்ஸ் கட்டாயமில்லை. பாட்டியின் சக்கர நாற்காலியைத் தள்ளி உதவிய தம்பிக்குக் கொடுக்கத் தோன்றினால் கையில் கொடுங்கள், மேலாளரிடம் அவர் பெயரையும் சொல்லுங்கள்.

பில் முடிந்ததும் கிளம்ப வேண்டும் என்றில்லை. பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுக் குளத்தில் இறங்கலாமா, குளித்து உடை மாற்ற இடம் உண்டா என்று கேளுங்கள். பல விடுதிகளில் உண்டு. வார இறுதி என்றால் 3 மணிக்குள் கிளம்பிவிடுங்கள். 5 முதல் 7 வரை பீச் ஸ்டேஷனில் வரிசை வளைந்து நிற்கும், டாக்சியும் கிடைக்காது. பெட்டியும் பாட்டியுமாக இருப்பவர்கள் விடுதி வாசலிலேயே முன்பதிவு செய்து ஏறுவதுதான் நல்லது.